ஆட்டுத் தலையிலிருந்து அலுமாரித் தட்டு வரை: மண்டையோடு சுத்தம் செய்வது பற்றிக் கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாவது மாடியில் இருக்கிறோம். வரவேற்பறை அலுமாரியில், புத்தகங்களுக்கு முன்னால், மூன்று மண்டையோடுகள் இருக்கின்றன: கொம்போடு ஒரு கிடாய், ஒரு பன்றி, ஒரு பூனை. வருகிற ஆக்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் எழுந்து கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பார்கள். போகும்போது வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொல்லி வருகிற பதில்களும்தான் இவை.

சுருக்கமாகச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும்?

முதலில் இறைச்சி போக வேண்டும். அடுத்து கொழுப்பு போக வேண்டும். அப்புறம்தான் வெளுப்பது. கடைசியில் நிழலில் காய்வது. இந்த ஒழுங்கை மாற்றினால் எலும்பு உங்களைப் பழிவாங்கும், அதுவும் உடனே இல்லை, ஆறு மாதம் கழித்து. எல்லோருக்கும் வெளுப்பதிலிருந்து தொடங்கத்தான் ஆசை. ஆனால் மொத்த வேலையில் வெளுப்பதற்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று நாள்தான். கொழுப்புக்கு ஒரு மாதம் போகும். ஒரு ஆட்டுத் தலைக்கு எல்லாமாக இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு எங்கே போவது?

ஆட்டிறைச்சிக் கடைக்குத்தான். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். நம் கடைகளில் ஆட்டுத் தலை கேட்டால் கடைக்காரர் கை தானாகவே கத்தியை ஓங்கும். மூளைக்காக மண்டையை இரண்டாகப் பிளந்து தருவதுதான் வழக்கம். குழம்புக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார், அவர் மேல் பிழையில்லை. அதனால் முதல் நாளே போய், "பிளக்க வேண்டாம், வாட்டவும் வேண்டாம், தோலை மட்டும் உரித்து முழுசாகத் தாருங்கள்" என்று சொல்லி வையுங்கள். மயிர் போக நெருப்பில் வாட்டிய தலையில் மூக்கெலும்பும் பல்லும் வெடித்திருக்கும்.

வயதையும் கேளுங்கள். இளம் ஆட்டின் மண்டையோட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப் பொருந்தியிருக்காது. இறைச்சி போனதும் தனித்தனித் துண்டாகக் கையில் வரும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு முற்றின கிடாய்தான் நல்லது.

கொம்போடு கூடிய நல்ல தலை வேண்டுமென்றால் ஹஜ்ஜுப் பெருநாள் காலம். குர்பான் கொடுக்கிற வீடுகளில் தலை யாருக்கும் வேண்டாமல் கிடப்பதுண்டு. என் கிடாய் அப்படிக் கிடைத்ததுதான், பக்கத்து மாடி நண்பர் வீட்டிலிருந்து. எதற்கு என்பதை மறைக்காமல் சொல்லிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு ஒரு பையில் போட்டுத் தந்தார்.

பன்றித் தலையை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். அதில் கொழுப்பு எவ்வளவு என்பதைக் கீழே சொல்கிறேன்.

காட்டிலோ கடற்கரையிலோ கிடைத்ததைக் கொண்டுவரலாமா?

பெரும்பாலும் கூடாது. யானை, சிறுத்தை, மரை, புள்ளிமான், கடலாமை எல்லாம் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. அது 1937 ஆம் ஆண்டுச் சட்டம், பின்னர் பல தடவை திருத்தப்பட்டது. நீங்கள் கொன்றீர்களா, செத்துக் கிடந்ததை எடுத்தீர்களா என்பது வேறு விடயம். அதன் பாகத்தைக் கையில் வைத்திருப்பதே சிக்கல். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய பிறகு மேற்குக் கரையெங்கும் செத்த ஆமைகள் ஒதுங்கின. அப்போது ஆமை ஓட்டையும் தலையையும் எடுத்து வைக்கலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். தொடவே வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பழைய வீடுகளில் தாத்தா காலத்து மரைக் கொம்பு சுவரில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் விற்கவோ இடம் மாற்றவோ முன்னர் பத்தரமுல்லையில் இருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

தலவத்துகொட பக்கம் சதுப்பு நிலத்தில் ஒரு பூனை மண்டையோடு கிடைத்தது. ஆனால் சாதாரணப் பூனையை விடப் பெரிசு.

அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை இருக்கிறது. 2018 இல் கொழும்புக்கு ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த நிலங்களில்தான் இதுவும் இரவில் நடமாடுகிறது. வீட்டுப் பூனையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, நீண்ட தடித்த மண்டை. பாதுகாக்கப்பட்ட விலங்கு. படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

தெருவில் செத்துக் கிடக்கும் நாய், பூனை?

புதிதாகச் செத்த நாயின் தலையைத் தொடவே கூடாது. விசர்நாய் நோய் இங்கே இன்னும் ஒழியவில்லை. அந்தக் கிருமி இருக்கிற இடம் மூளையும் எச்சிலும். நாம் நோண்டி எடுக்கப் போவதும் அந்த மூளையைத்தான். எனது பூனை மண்டையோடு, வத்தளையில் சித்தி வீட்டு மதிலோரம் சருகுக்குள் வெயில் மழை பட்டுக் காய்ந்து வெறும் எலும்பாகக் கிடந்தது. அப்படிப்பட்டது என்றால் சரி. அதற்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அவித்தால் ஒரு மணித்தியாலத்தில் இறைச்சி கழன்றுவிடுமே. ஏன் இந்தப் பாடு?

நானும் இப்படித்தான் நினைத்தேன். முதல் தலையை அக்காவின் பிரஷர் குக்கரில் போட்டேன். அக்கா இன்னும் அந்தக் குக்கரைத் திருப்பி வாங்கவில்லை.

எலும்பு என்பது முழுக்கக் கல் இல்லை. எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம். மிச்சம் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதமும் கொஞ்சம் தண்ணீரும். வீடு கட்டும்போது சீமெந்துக்குள் கம்பி வைப்பது போல, கனிமத்துக்குள் கொலாஜன் ஓடுகிறது. கொதிக்கிற தண்ணீரில் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகிக் கரைந்து வருகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறினதும் கெட்டியாகிறதே, அது இதுதான். சூப்புக்கு நல்லது. மண்டையோட்டுக்கு நல்லதில்லை, கம்பி போன சீமெந்து மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது கேடு, கொதிக்கும்போது உருகுகிற கொழுப்பு வெளியே மட்டும் வருவதில்லை, எலும்பின் நுண்துளைகளுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. மூன்றாவது, மூக்குத் துவாரத்துக்குள் சுருள் சுருளாகக் கடதாசி போல மெல்லிய எலும்புகள் இருக்கும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. கொதியில் அவைதான் முதலில் போகும். பற்களும் விரிசல் விடும்.

அப்படியென்றால் இறைச்சியை எப்படி எடுப்பது?

தண்ணீரில் ஊறப்போட்டு அழுக விடுவது. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வேலையைச் செய்வது நீங்களில்லை, பக்டீரியா.

முதலில் கையால் எடுக்கக்கூடியதை எடுத்துவிடுங்கள்: நாக்கு, கண், கன்னத்துச் சதை. மூளையைப் பிடரியில் உள்ள பெரிய ஓட்டை வழியாக எடுக்க வேண்டும். வளைத்த கம்பியால் கிண்டிவிட்டு, தோட்டக் குழாயை அந்த ஓட்டைக்குள் விட்டுத் தண்ணீரைப் பீச்சினால் கட்டி கட்டியாக வெளியே வரும். முகத்தைக் கிட்ட வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் தலையை வைத்து, மூழ்கும்படி தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் பக்டீரியாவுக்கு நல்லது. சவர்க்காரம், உப்பு எதுவும் போடக்கூடாது. குளிர்நாடுகளில் இதைச் செய்கிறவர்கள் மீன்தொட்டிச் சூடாக்கியை வாளிக்குள் போட்டு முப்பது பாகை வரை கொண்டுவரப் பார்ப்பார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. கொழும்பின் வெக்கையே போதும்.

வாரம் ஒரு தடவை பாதித் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுப் புதிதாக விடுங்கள். முழுவதையும் மாற்றினால் வேலை செய்து கொண்டிருக்கிற பக்டீரியாவையும் சேர்த்து ஊற்றிவிடுகிறீர்கள், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும். ஊற்றும்போது கீழே அரிதட்டு வைக்க மறக்காதீர்கள். ஒற்றை வேர்ப் பற்கள் எல்லாம் கழன்று அந்தத் தண்ணீரில்தான் கிடக்கும். என் பூனையின் இரண்டு சிறுபற்கள் இன்றும் வத்தளையில் ஏதோ ஒரு வாழை அடியில் இருக்கின்றன.

என் கிடாய்க்கு மூன்று வாரமும் இரண்டு நாளும் எடுத்தது. இனிக் கழல எதுவுமில்லை என்று ஆனதும் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

நாறாதா?

நாறும். கொஞ்சநஞ்சமில்லை. வெடுக்கு என்ற சொல்லெல்லாம் இதற்குப் போதாது. மூடியை இறுக்கி வைத்தால் வெளியே அவ்வளவு தெரியாது. ஆனால் தண்ணீர் மாற்றுகிற அன்றைக்கு அந்த ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

ஆகவே தொடர்மாடியில் இருப்பவர்கள் பல்கனியில் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இரவு வேலை, மேலே ஒரு கைக்குழந்தை, கீழே யாரோ கந்தசஷ்டி விரதம். நமக்கு அந்த உரிமை கிடையாது. நான் வாளியை வத்தளைக்குக் கொண்டுபோய்ச் சித்தி வீட்டுப் பின்வளவில் மா மரத்தடியில் வைத்தேன். சித்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தண்ணீர் மாற்றுவது அவர் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும். ஊற்றின தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் விட்டோம். அந்த வருடம் அந்த முருங்கை காய்த்த காய்ப்பைச் சித்தி இன்றைக்கும் சொல்லுவார்.

வளவு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என்சைம் கலந்த சலவைத்தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, கை பொறுக்கிற சூட்டில் வைத்துச் சதையைக் கழற்றுவது. நாற்றம் குறைவு, ஒரு சில நாளில் முடியும். ஆனால் என்சைம் சதைப் புரதம் எது, எலும்புப் புரதம் எது என்று பார்ப்பதில்லை. பக்கத்திலேயே இருந்து, சதை விட்டதும் எடுத்துவிட வேண்டும்.

வாளித் தண்ணீரில் நுளம்பு வராதா? சுகாதாரப் பரிசோதகர் வந்தால்?

வரும், அவரும் வருவார். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது, அதில் மேல் மாகாணம்தான் முன்னுக்கு. அதற்குப் பிறகு தேங்காய்ச் சிரட்டையைக் கூட விடுவதில்லை. வாளி வாயில் நுளம்பு வலைத்துணியைக் கட்டி அதற்கு மேல் மூடியைப் போடுங்கள். மூடிக்கு மேல் ஒரு சீமெந்துக் கல். கல் நுளம்புக்கு இல்லை, காகத்துக்கும் தெருநாய்க்கும் கபரகொய்யாவுக்கும். கொழும்புக் காகம் கல் இல்லாத மூடியைத் திறந்துவிடும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இலையான் முட்டை போடாமல் இருக்கவும் அந்த வலை உதவும். கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்றைக்கு வாளிப் பக்கம் போக வேண்டாம். வளவில் எலி ஓடுகிற இடத்தில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது.

மண்ணில் புதைத்தால் லேசாக இருக்குமே?

லேசுதான், ஆனால் நம் செம்மண் எலும்பைக் கபில நிறமாக்கிவிடும். இரும்புக் கறை, கடைசியில் வெளுக்கப் பாவிக்கிற பெரொக்சைட்டுக்கும் முழுசாகப் போகாது. மரவேர் கண்குழிக்குள் நுழைந்து பிரிக்கும். ஐந்தாறு மாதம் கழித்து எங்கே புதைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். புதைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் ஓட்டையுள்ள பூச்சட்டிக்குள் ஆற்று மணலை நிரப்பி அதற்குள் புதையுங்கள். சட்டியோடு எடுக்கலாம், பற்களும் தொலையாது.

அருங்காட்சியகங்களில் வண்டு விட்டுச் சுத்தம் செய்வார்களாமே?

உண்மை. டெர்மெஸ்டிட் என்ற குடும்பத்து வண்டு. அதன் புழுக்கள் காய்ந்த சதையை மட்டும் தின்றுவிட்டு எலும்பை அப்படியே விடும். நுணுக்கமான சிறு எலும்புகளுக்கு அதைவிட மேலான வழி இல்லை. உங்களுக்கும் அந்த வண்டு புதிதில்லை. புறக்கோட்டையில் வாங்கிய கருவாட்டை நாள்பட வைத்திருந்தால் உள்ளே மயிர் மயிராக ஒரு கபிலப் புழு ஓடுமே, அந்த இனம்தான்.

வீட்டில் வளர்க்க வேண்டாம். தப்பினால் தோல் செருப்பு, கம்பளி, புத்தக அட்டை, குசினியில் இருக்கிற கருவாடு என்று ஒவ்வொன்றாகப் போகும்.

என் ஆட்டு மண்டையோட்டில் மேல்தாடை முன்பற்களைக் காணவில்லை. ஊற்றும்போது போய்விட்டதா?

இல்லை. ஆட்டுக்கு அவை பிறப்பிலேயே கிடையாது. மாட்டுக்கும் அப்படித்தான். மேலே பல்லுக்குப் பதிலாகக் கெட்டியான ஒரு ஈறுத் திண்டு. கீழே முன்னால் எட்டுப் பற்கள், அந்தத் திண்டோடு அழுத்திப் புல்லைக் கடித்து இழுக்கும். கடைவாய்ப் பற்களையும் சேர்த்து மொத்தம் 32, நமக்கு உள்ள அதே எண்ணிக்கை. அக்காவின் மகள் உயர்தர உயிரியல் படிக்கும்போது இதைப் பாடமாக்கிப் பாடமாக்கி மறந்தாள். கிடாயைக் கையில் கொடுத்த பிறகு மறக்கவில்லை.

கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிரிந்து வந்தாலும் பயப்பட வேண்டாம். ஆட்டில் அந்த இணைப்பு எலும்பால் ஒட்டியதில்லை. உடைத்துவிடவில்லை நீங்கள்.

கொம்பை என்ன செய்வது?

ஆட்டுக் கொம்பு இரண்டு அடுக்கு. உள்ளே மண்டையோடு சேர்ந்த எலும்புத் தண்டு, வெளியே நகத்தைப் போன்ற கெரட்டின் உறை. வாளியில் ஒன்றிரண்டு வாரம் ஊறினதும் உறையைப் பிடித்து மெல்லத் திருகி இழுத்தால் "பொளக்" என்று கழன்று வரும். உள்ளே இருக்கிற அழுகலைக் கழுவிவிட்டு உறையைத் தனியாக நிழலில் காயவையுங்கள். அதைப் பெரொக்சைட்டில் போடவே கூடாது, நிறம் வெளிறிச் செதில் செதிலாகும். எல்லாம் முடிந்த பிறகு திரும்ப மாட்டினால் போதும். மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், ஒரு மாதத்தில் சிக்கு வாடை வீசும். மினுக்கம் வேண்டுமென்றால் பரபின் எண்ணெய் ஒரு துளி.

கொழுப்பு, கொழுப்பு என்கிறீர்கள். நான் பார்த்தால் எலும்பு சுத்தமாகத்தானே இருக்கிறது?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

எலும்பு பஞ்சு மாதிரி. ஈரமாக இருக்கும்போது எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். ஒரு வாரம் காயவிட்டுப் பாருங்கள். தாடை மூட்டு, பிடரி, கண்குழி ஓரம் ஆகிய இடங்களில் எண்ணெய் பட்ட கடதாசி போல மஞ்சளாக, கொஞ்சம் ஊடுருவித் தெரிகிற மாதிரித் திட்டுகள் வரும். தொட்டால் வழுவழுக்கும். அதுதான் கொழுப்பு. அதை உள்ளே வைத்துக்கொண்டு எவ்வளவு வெளுத்தாலும் வெள்ளை மேலேயே நிற்கும், பிறகு உள்ளிருப்பது மெல்ல வெளியே கசியும். அந்தப் பசைக்குத் தூசி ஒட்டும், எறும்பு வரும், வாடை வரும்.

செய்ய வேண்டியது சின்ன விடயம்தான், சலிப்பு வேலை. வாளியில் சுடுதண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் தாராளமாக. விம் திரவம் போன்ற எதுவும் சரி. சலவைத்தூள் வேண்டாம், என்சைம் இருக்கும். மண்டையோட்டைப் போட்டு மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கி மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். ஊற்றிவிட்டுத் திரும்ப. அப்புறம் திரும்ப. தண்ணீர் ஒரு வாரம் இருந்தும் கலங்காமல் தெளிவாக நின்றால் வெளியே எடுத்துக் காயவைத்துத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறுபடியும் வாளிக்குள்.

சூடு முக்கியம், கொதி கூடாது. கை வைத்துப் பொறுக்கிற சூடு. நான் மத்தியான வெயிலில் கறுப்பு வாளியை வைத்துவிடுவேன். மார்ச், ஏப்ரல் வெயிலுக்குப் பின்னேரம் வரை அந்தச் சூடு நிற்கும்.

கிடாய்க்கு ஐந்து வாரம். பன்றிக்கு ஏழு மாதம். ஆம், ஏழு மாதம். இடையில் இரண்டு தடவை முடிந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக் காயவைத்தேன், இரண்டு தடவையும் தாடை மஞ்சளாகியது.

அசிட்டோன் சிலர் பாவிப்பார்கள். கொழுப்பை வேகமாக இழுக்கும், ஆனால் பற்றி எரியக்கூடியது. அசிட்டோனும் பெரொக்சைட்டும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது, வெடிக்கிற பொருள் உண்டாகும். அதேபோல அமோனியாவையும் குளோரின் திரவத்தையும் சேர்த்தால் நச்சு வாயு. வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சவர்க்காரத் தண்ணீரே போதும் என்பது என் எண்ணம்.

குளோரின் திரவத்தில் போட்டால் ஒரே இரவில் வெள்ளையாகிறதே?

ஆகும். என் முதல் தலையும் ஆனது. காலையில் எடுத்துப் பார்த்தபோது நான் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. ஒரு வருடத்தில் அலுமாரித் தட்டில் வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மூக்கெலும்பைத் தூக்கினேன், மரி பிஸ்கட் போல விரலுக்குள் நொறுங்கியது.

குளோரின் நிறத்தை மட்டும் எடுப்பதில்லை, கொலாஜனையும் தின்கிறது. கழுவினாலும் துளைகளுக்குள் மிச்சமிருந்து வேலை செய்யும். கழிப்பறை கழுவுகிற அமிலத் திரவம் இன்னும் மோசம், அது கனிமத்தையே கரைக்கும். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் போடலாமா என்று ஒரு அன்ரி கேட்டார். போட்டால் நீல மண்டையோடு கிடைக்கும்.

அப்போ பெரொக்சைட். எங்கே வாங்குவது, எவ்வளவு?

ஹைட்ரஜன் பெரொக்சைட், பாடப்புத்தகத்தில் ஐதரசன் பரவொட்சைட்டு என்று படித்தது. மருந்துக்கடைகளில் சின்னப் போத்தலில் கிடைக்கும், காயத்துக்கு. பூனைக்கு அது போதும். ஆட்டுக்கு நாலைந்து லீட்டர் வேண்டுமே. அதற்குப் புறக்கோட்டைப் பக்கம் இரசாயனப் பொருள் விற்கிற கடைகளைக் கேளுங்கள், அல்லது சலூன் சாமான் விற்கிற கடை. சலூன்காரர் சதவீதத்தில் பேச மாட்டார்கள், வொலியூமில் பேசுவார்கள். 10 வொலியூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 40 என்றால் 12.

எலும்புக்கு 3 சதவீதம் போதும். இரசாயனக் கடையில் 30 சதவீதத்தில் தந்தால், அரை லீட்டரை நாலரை லீட்டர் தண்ணீரில் விட்டால் ஐந்து லீட்டர் 3 சதவீதம் கிடைக்கும். அந்த 30 சதவீதத்தோடு விளையாடக் கூடாது. தோலில் பட்ட இடம் வெள்ளையாகி எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கலக்குங்கள்.

பிளாஸ்டிக் வாளி மட்டும், உலோகம் வேண்டாம். மூடியை இறுக்காதீர்கள். ஒட்சிசன் வெளியேறிக்கொண்டே இருக்கும், இறுக்கினால் வாளி உப்பி வெடிக்கும். திரவம் மிச்சம் பிடிக்க ஒரு உபாயம்: தண்ணீர் நிரப்பி மூடிய பழைய சோடாப் போத்தல்களை வாளிக்குள் இடைவெளிகளில் செருகுங்கள், மட்டம் தானாக உயரும்.

ஒரு நாளிலிருந்து மூன்று நாள். தினமும் எடுத்துப் பாருங்கள். குமிழி நின்றுவிட்டால் திரவத்தின் சக்தி போய்விட்டது. நினைத்த நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், இன்னும் இன்னும் என்று விட்டால் மெல்லிய ஓரங்கள் சுண்ணாம்பாகும். எனக்குப் பால் வெள்ளை பிடிப்பதில்லை, பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். தேங்காய்ப்பாலில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி விழுந்த நிறத்தில் நிறுத்துவேன். பாவித்த திரவம் நாளடைவில் தண்ணீரும் ஒட்சிசனுமாகப் பிரிந்துவிடும், நிறையத் தண்ணீர் சேர்த்து வடிகாலில் விடலாம்.

கொம்பு உறை கழலவே இல்லை என்றால் சலூன் கிறீம் வகை பெரொக்சைட்டை பிரஷால் எலும்பில் மட்டும் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைக்கலாம். வேலை கூட, ஆனால் நடக்கும்.

வெயிலில் வைத்தாலே வெளுக்காதா?

வெளுக்கும், மெதுவாக. ஆனால் நேர்வெயிலில் பல் நெடுக்காகப் பிளக்கும், டிக் என்று சத்தம் கூடக் கேட்கும். காயவைப்பது எப்போதும் நிழலில், மின்விசிறிக் காற்றில், குறைந்தது ஒரு வாரம்.

வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் திரும்ப மஞ்சள்.

கொழுப்பு. திரும்பச் சவர்க்காரத் தண்ணீருக்குப் போங்கள்.

பல் ஆடுகிறது, இரண்டு துண்டு கழன்று வந்துவிட்டது. எதை வைத்து ஒட்டுவது?

மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை. காய்ந்தால் தெரியாது, பிழையாக ஒட்டிவிட்டால் சுடுதண்ணீரில் கழற்றலாம். சுப்பர் குளூவில் அந்த வசதி இல்லை, ஒரு பல் திரும்பி ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் அப்படித்தான். எந்தப் பல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பல்லும் தன் குழியில் மட்டும்தான் ஆடாமல் உட்காரும்.

மேலே வார்னிஷ் அடிக்கலாமா?

வேண்டாம், வார்னிஷ் தானே மஞ்சளாகும். எலும்பு உறுதியாக இருந்தால் ஒன்றும் தேவையில்லை. தூள் விழுகிற பழைய எலும்பு என்றால் அந்த வெள்ளைப் பசையையே பால் போலத் தண்ணீரில் கரைத்துப் பூசலாம். அருங்காட்சியகங்களில் பரலொயிட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பாவிக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது.

இங்கே கடல் காற்றும் சேர்ந்து மே மாதத்தில் தொடங்கினால் செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கும், எலும்பை விடுமா? சுவரில் ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதென்றால் சிலிக்கா ஜெல் பைகளையும் கூட வையுங்கள். பிடித்துவிட்டால் பெரொக்சைட் தோய்த்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடித்தால் அந்த இடத்தில் கொழுப்பு மிச்சம்.

வீட்டுக்குள் மண்டையோடு வைக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் ஏசுகிறார்கள்.

எங்கள் அம்மாவும் ஏசினார். "இது வீடா, சுடலையா?" என்று ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. சிவன் கையிலேயே கபாலம் இருக்கிறதே என்று நான் சொன்னது உதவவில்லை. அவர் சிவன், நீ யார் என்று கேட்டார். கடைசியில் சுவாமித்தட்டு இருக்கிற சுவர்ப்பக்கம் பார்க்காதபடி அலுமாரியைத் திருப்பி வைத்ததில் ஒரு சமாதானம் வந்தது. வெள்ளிக்கிழமையிலும் விருந்து நாளிலும் மேலே ஒரு துணி விழும். அம்மா போட்டுவிடுவார், நான் ஒன்றும் சொல்வதில்லை.

செய்யத் தொடங்குமுன் நல்லதொன்றைப் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, 1986 இல் திறந்தது. எலும்புகளைப் பார்க்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். பழைய நல்ல எலும்பு பளீர் வெள்ளையாக இருப்பதில்லை. பிறகு கிட்டப் போய் மண்டையோட்டுத் தையல் கோடுகளைப் பாருங்கள், ஆறு வளைந்து போவது மாதிரி நெளியும். உங்கள் வாளியிலிருந்து வருகிற எலும்பில் அந்தக் கோடு கூர்மையாகத் தெரிந்தால் இறைச்சி முழுக்கப் போய்விட்டது, கோட்டுக்குள் கபிலமாக ஏதாவது நின்றால் இன்னும் ஒரு வாரம் ஊற வேண்டும்.